விசுவாசம் யாருக்கு?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



மாணவர் பேரவை மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா என்று கேட்டபோது, எனக்குக் கவிதையும் வராது, கதையும் வராது என்று தப்பிக்கப் பார்த்தேன். "அப்ப உனக்கு நடந்ததை எழுது" என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு நடந்ததை எழுதினால் என் தலைதான் குனியும். இருந்தாலும் எழுதுகிறேன். இன்னும் சில மாதங்களில் நாம் எல்லோரும் ஏதோ ஒரு கம்பெனியின் கேட்டுக்குள் நுழையப் போகிறவர்கள். எனக்கு நடந்தது உங்களில் ஒருவருக்காவது நடக்கும்.

நான் கொருக்குப்பேட்டைக்காரன். பேசின் பிரிட்ஜைத் தாண்டினால் கும்மிடிப்பூண்டி லைனில் முதல் ஸ்டேஷன் எங்களுடையது. ஸ்கூலுக்குப் போன காலத்தில் கேட்டில் நின்று கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணி எண்ணியே எனக்குக் கணக்கு வந்தது என்று அம்மா கேலி செய்வாள். நைனா கூட்ஸ் ஷெட்டில் மூட்டை இறக்குகிறவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். ஹால் டிக்கெட் வந்தால்கூட நைனா அதை இரண்டு கையாலும்தான் வாங்கிப் பார்ப்பார். படிக்கத் தெரியாது. போட்டோவை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். தண்டவாளத்தை ஒட்டி ஓடு போட்ட சின்ன சபை. அங்கே ஞாயிற்றுக்கிழமைதோறும் அதிகம் கேட்கிற வார்த்தை 'விசுவாசம்'. ஆண்டவர்மேல் வைக்கிற நம்பிக்கைக்கு அந்தப் பெயர். தெருவுக்கு வந்தால் அதே வார்த்தைக்கு வேறு அர்த்தம். நாய்க்கு விசுவாசம் உண்டு, முதலாளிக்கு விசுவாசமாக இரு என்பார்கள். ஒரே வார்த்தைக்கு இரண்டு எஜமான்கள்! இந்த இரண்டும் மோதினால் என்ன ஆகும் என்று போன மே மாத விடுமுறையில்தான் எனக்குத் தெரிந்தது.

* * *

இரண்டாம் வருஷப் பரீட்சை முடிந்ததும், கடைசி வருஷ ஃபீசுக்குப் பணம் சேர்க்க ஒரு லேத் பட்டறையில் வேலைக்குப் போனேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். திருவொற்றியூர், மணலிப் பக்கம் அப்படிப் பல பட்டறைகள் இருக்கின்றன. நான் அங்கே போனது விளம்பரம் பார்த்து அல்ல. அங்கே ஃபோர்மேனாக இருந்தவர் எங்கள் சபையில் மூப்பர். ஆராதனை முடிந்து செருப்பு போடும்போது நைனா அவரிடம், "பையன் சும்மா இருக்கானுங்க ஐயா" என்றார். "திங்கக்கிழமை அனுப்பு, நம்ம பையன்தானே" என்றார் அவர்.

அந்த 'நம்ம பையன்' என்ற வார்த்தை கேட்க எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா?

முதல் நாளே என்னை இன்ஸ்பெக்ஷன் மேஜையில் உட்கார வைத்தார். வெர்னியர், மைக்ரோமீட்டர், கேஜ் எல்லாம் என் பூட்டுக்குள். மற்றவர்கள் கூலன்ட் நாற்றத்தில் நிற்க, நான் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தேன். ஓவர்டைம் போட்டால் என் பெயர் முதலில் வரும். அந்தப் பட்டறையில் நாலு வருஷமாக கான்ட்ராக்டில் லேத் ஓட்டுகிற ஒரு அண்ணன் இருந்தார். ஐ.டி.ஐ. படித்தவர். காதில் சத்தத்தைக் கேட்டே டூல் மழுங்கிவிட்டது என்று சொல்லிவிடுவார். அவருக்கு அந்த மேஜை கிடைக்கவில்லை. மைக்ரோமீட்டரைத் தொடவும் அனுமதி இல்லை. அவர் எங்கள் சபை அல்ல. ஃபோர்மேனுக்கு வணக்கம் வைக்கிற ஆளும் அல்ல.

டீ டைமில் என்னைப் பார்த்து, "வந்துட்டாருப்பா ஜால்ரா" என்று சிரிப்பார்கள். எனக்குக் கோபம் வரும். நான் யாருக்கும் ஜால்ரா அடிக்கவில்லையே, கொடுத்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதானே என்று நினைத்துக்கொள்வேன். கர்த்தர் எனக்கு ஒரு கதவைத் திறந்தார் என்றுகூட ஜெபத்தில் சாட்சி சொன்னேன். அந்தக் கதவை யார் முகத்தில் சாத்தித் திறந்தார்கள் என்று பார்க்கவில்லை.

* * *

மூன்றாவது வாரம் அது நடந்தது. இ.என்.8 ராடில் 40 பின் அவசர ஆர்டர். விட்டம் 32 மில்லிமீட்டர். அதிகபட்சம் 0.05 குறையலாம். கூடக் கூடாது. அந்த அண்ணன் முதல் பீஸைக் கடைந்து என் மேஜைக்குக் கொண்டு வந்தார். நான் மைக்ரோமீட்டரில் பிடித்தேன். ஸ்லீவில் 31-ஐத் தாண்டி அரைக்கோடு தெரிந்தது. திம்பிளில் 48. ஆக 31.98 என்று எழுதி 'ஓகே' போட்டேன்.

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு நான் செய்த தப்பு இந்நேரம் புரிந்திருக்கும். திம்பிள் ஐம்பதை நெருங்கும்போது, இன்னும் தாண்டாத அரைக்கோடும் லேசாக எட்டிப் பார்க்கும். உண்மை அளவு 31.48. அரை மில்லிமீட்டர் குறைவு!

அந்த அண்ணன் பீஸைக் கையில் உருட்டிப் பார்த்தார். காலிப்பரை வைத்து ஸ்கேலில் பார்த்தார். "மெலிஞ்சாப்ல இருக்கே தம்பி, இன்னொரு வாட்டி பாரேன்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மைக்ரோமீட்டர் பொய் சொல்லாதுண்ணே" என்றேன். டிப்ளமோ திமிர்! அவர் ஒன்றும் பேசாமல் போய் அந்த அளவிலேயே டயலை வைத்து மீதி 39-ஐயும் கடைந்து முடித்தார். விட்டம் கூட இருந்தால் இன்னொரு கட் ஓட்டிச் சரிக்கட்டலாம். குறைந்து போனதை என்ன செய்வது?

மறுநாள் 40 பின்னும் திரும்பி வந்தன. முதலாளி சத்தம் போட்டார். ஃபோர்மேன் என் மேஜைக்கு வந்து இன்ஸ்பெக்ஷன் நோட்டை எடுத்துக்கொண்டு, காதருகே குனிந்து, "நீ வாயைத் தொறக்காதே. நான் பாத்துக்கறேன்" என்றார். அரைமணி நேரத்தில் டர்னர் கவனக்குறைவு என்று எழுதப்பட்டது. அந்த அண்ணனின் ஒரு வாரக் கூலி பிடிக்கப்பட்டது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள்.

அவர் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு என் மேஜையைக் கடந்துதான் போனார். என்னை ஒரு முறை பார்த்தார். நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். அவர் திட்டவில்லை. நான் மேஜையில் சுத்தமாக இருந்த வெர்னியரை மறுபடி துடைத்தேன்.

* * *

அன்று இரவு ஆயாவிடம் மட்டும் சொன்னேன். ஆயா பழைய ஆள். தாத்தா குடும்பத்தில் தலைமுறையாகப் பின்னி மில்லில் வேலை. பக்கிங்ஹாம் மில் 1876-இல் வந்தது, கர்நாடிக் மில் 1881-இல் வந்தது. 1996-இல் மூடும்வரை பெரம்பூர், புளியந்தோப்பு, வியாசர்பாடி முழுக்க அந்தச் சங்குச் சத்தத்தில்தான் எழுந்திருக்கும் என்பாள்.

ஆயா எனக்குப் பதில் சொல்லாமல் ஒரு கதை சொன்னாள். அதில் பாதியை நான் அப்புறம் நூலகத்தில் படித்துச் சரிபார்த்துக்கொண்டேன். 1918 ஏப்ரல் 27-இல் அந்த மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உண்டானது. பி.பி. வாடியா தலைவர். திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் கூட நின்றார்கள். நம் நாட்டில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் அதுதான் என்பார்கள். 1921-இல் பெரிய வேலை நிறுத்தம் வந்தது. மாதக்கணக்கில் நீண்டது. அப்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோரும், கிறிஸ்தவர்களில் பலரும் வேலைக்கு உள்ளே போனார்கள். எம்.சி. ராஜா போன்ற தலைவர்களும் போகத்தான் சொன்னார்கள். உள்ளே போனவர்கள் நிர்வாகத்துக்கு 'விசுவாசிகள்'. வெளியே நின்றவர்களுக்குக் 'கருங்காலிகள்'. புளியந்தோப்பில் கலவரம் வெடித்தது. குடிசைகள் எரிந்தன. ஆகஸ்ட் 29 அன்று போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. அக்டோபரில் வேலை நிறுத்தம் தோற்றுப்போனது.

"உங்க தாத்தாவோட தாத்தா உள்ள போனவரு" என்றாள் ஆயா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தப்பு தானே ஆயா?" என்றேன்.

"உனக்கு இன்னாடா தெரியும்? வூட்ல அடுப்பு எரியல. கூட வேல செய்யறவன் மில்லுக்குள்ள தோழன்னுவான், தெருவுல தள்ளி நில்லுன்னுவான். அவன் கூப்பிட்டா எப்படி மனசு வரும்? போனது தப்பு, போவாதது ரைட்டுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு. இவங்க நம்மாளு, அவங்க வேறாளுன்னு பிரிச்சு வச்சாங்க பாரு, அதுல ரெண்டு பக்கமும் குடிசதான் எரிஞ்சுது. மில்லு எரியல."

இதைச் சொல்லிவிட்டு அவள் தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. தாத்தாவின் தாத்தாவுக்குப் பசி என்ற காரணம் இருந்தது, அவமானம் என்ற காரணம் இருந்தது. எனக்கு என்ன காரணம் இருந்தது? ஃபேன் காற்று!

* * *

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஃபோர்மேன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நல்ல குரல். அவர் பாடினால் சபையே பாடும். அவர் கெட்டவர் அல்ல என்பதை இங்கே எழுதியாக வேண்டும். எங்கள் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ராத்திரி முழுக்க வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அவர். 'நம்ம ஆளு' என்றால் உயிரைக் கொடுப்பார். 'நம்ம ஆளு' இல்லாதவனுக்கு நியாயத்தைக்கூடக் கொடுக்க மாட்டார். பட்சபாதம் என்பது எப்போதும் கெட்டவர்கள் செய்வது அல்ல நண்பர்களே. அன்பு உள்ளவர்கள்தான் அதை அதிகம் செய்கிறார்கள். அதனால்தான் அது பாவம்போலவே தெரிவதில்லை.

காணிக்கைப் பை வரிசையாக வந்துகொண்டிருந்தது. என் சட்டைப் பையில் அந்த வார ஓவர்டைம் பணத்தில் இருநூறு ரூபாய் இருந்தது. காணிக்கை செலுத்த வருகிறவன், தன்மேல் சகோதரனுக்கு மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாக வேண்டும் என்பது இயேசு மலையில் சொன்ன போதனை. சின்ன வயசிலேயே மனப்பாடம் செய்து பரிசு வாங்கியிருக்கிறேன். பை என் முன்னால் வந்தது. நான் கையை விரிக்கவில்லை. பக்கத்திலிருந்த அம்மா என்னை முறைத்தாள். பை தாண்டிப் போயிற்று.

எங்களுக்குப் பக்கத்து ஊர் ராயபுரம். அந்தப் பெயர் இராயப்பர் என்பதிலிருந்து வந்தது. பேதுருவைத்தான் கத்தோலிக்கர் இராயப்பர் என்பார்கள். தினமும் அந்தப் பெயர் போட்ட பஸ்ஸில் ஏறி இறங்குகிறோம், அந்த மனிதரை யோசிக்கிறோமா? உயிர் போனாலும் உம்மை விடமாட்டேன் என்று சத்தியம் செய்தவர். சில மணி நேரத்தில், நெருப்பில் குளிர்காய்ந்துகொண்டே, அந்த ஆளை எனக்குத் தெரியாது என்று மூன்று முறை சொன்னவர். எனக்கு அந்த நெருப்பு புரிந்தது. அவருக்கு நெருப்பின் சூடு, எனக்கு ஃபேனின் காற்று.

அதே பேதுருதான் பிறகு கொர்நேலியு என்ற அந்நியனின் வீட்டில் நின்று, கடவுளுக்குப் பட்சபாதம் இல்லை என்று அறிக்கை செய்தார். அதோடு முடியவில்லை. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், தன் ஆட்கள் வந்ததும் மெல்ல எழுந்து விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் நேருக்கு நேராகக் கண்டித்தார். அதாவது பட்சபாதம் கூடாது என்று தெரிந்த மனிதரே, 'நம்ம ஆட்கள்' பார்க்கிறார்கள் என்றதும் தடுமாறினார். அப்புறம் நான் எந்த மூலைக்கு?

யோசேப்பின் கதையும் நினைவுக்கு வந்தது. அப்பா ஒரு பிள்ளைக்கு மட்டும் பலவருண அங்கி தைத்துக் கொடுத்தார். அண்ணன்மார் அந்தப் பிள்ளையைக் குழியில் போட்டார்கள். செல்லம் கொடுத்தவர் கையில் கடைசியில் மிஞ்சியது ரத்தத்தில் தோய்த்த அங்கி. சலுகை அதைப் பெறுகிறவனையும் வாழவிடுவதில்லை. கூட இருப்பவர்களிடமிருந்து அவனைப் பிரித்துவிடுகிறது.

* * *

சாப்பிட்டுவிட்டு நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூப்பரைப் பகைக்க வேண்டாம் என்று சொல்வார் என நினைத்தேன். நைனா வெகுநேரம் பீடியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். அப்புறம் தன் வேலையைப் பற்றிப் பேசினார்.

"நாங்க பதினோரு பேரு ஒரு வேகன் இறக்குவோம். ஒருத்தன் அம்பது மூட்ட தூக்குவான், வயசானவன் முப்பதுதான் தூக்குவான். சாயந்திரம் கூலி வந்தா பதினோரு பங்கு. ஏன் சொல்லு? நாளைக்கு எனக்கும் வயசாவும். அதான் எங்க சட்டம். யாரு எழுதுனது? யாரும் எழுதல."

பழைய நாளில் துறைமுகத்தில் மேஸ்திரி கைகாட்டுகிற ஆளுக்குத்தான் அன்றைக்கு வேலை என்று தன் அப்பா சொன்னதையும் சொன்னார். கைகாட்டலை வாங்க ஒருவன் பழம் கொண்டு போவான், ஒருவன் பணம் கொடுப்பான், ஒருவன் மற்றவனைப் பற்றிக் கோள் சொல்வான். 1948-இல் துறைமுகத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன்படி வாரியம் அமைந்து, பெயரைப் பதிந்து, முறை வைத்து வேலை கொடுக்கிற ஏற்பாடு பிறகு வந்தது. மேஸ்திரி நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியே தேவையில்லாமல் போனது. நல்ல மனசை நம்பி இருப்பதைவிட நல்ல முறை ஒன்று இருப்பது மேல் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

நான் ஒரு சந்தேகம் கேட்டேன். "திராட்சத் தோட்டத்துக் கதையில கடைசி மணி நேரம் வந்தவனுக்கும் முழுக்கூலி குடுத்தாரே, அது பட்சபாதம் இல்லையா நைனா?"

"அவரு யாரு கூலியிலயாவது கைவச்சாரா?" என்றார் நைனா.

எத்தனையோ பிரசங்கத்தில் கிடைக்காத பதில் இது. அந்த எஜமான் கடைசியில் நின்றவனுக்குத் தன் பையிலிருந்து கொடுத்தார். முதலில் வந்தவனுக்குப் பேசிய கூலியில் ஒரு காசும் குறையவில்லை. அது தயவு. என் பட்டறையில் எனக்குக் கிடைத்ததோ இன்னொருவன் தட்டிலிருந்து எடுத்து வைத்த சோறு. அது பட்சபாதம். இரண்டும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், மைக்ரோமீட்டரின் அரைக்கோடு மாதிரி.

* * *

திங்கட்கிழமை ஃபோர்மேனிடம் போய், அளவைத் தப்பாகப் படித்தது நான்தான், முதலாளியிடம் சொல்லப் போகிறேன் என்றேன். அவர் முகம் வாடிப்போனது. கோபத்தைவிட அதுதான் எனக்கு வலித்தது.

"உனக்காகத்தானேடா செஞ்சேன். உங்கப்பன் முகத்தைப் பாத்து செஞ்சேன். கொஞ்சமாவது விசுவாசம் இருக்காடா உனக்கு?"

அந்த வார்த்தை! நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை. கால் நடுங்க ஆபீசுக்குப் போய் ஒரு வெள்ளைத்தாளில் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். இன்ஸ்பெக்ஷன் நோட்டில் 31.98 என்று என் கையெழுத்தே இருந்தது. முதலாளி என்னைப் பாராட்டவில்லை. "ரெண்டு பேரும் சேந்து என் நாப்பது பீஸைக் கெடுத்தீங்க" என்றார். என் சம்பளத்தில் பிடித்தார். அந்த அண்ணனின் கூலியைத் திருப்பித் தரச் சொன்னார். மறுநாளிலிருந்து எனக்கு அங்கே வேலை இல்லை. அனுபவச் சான்றிதழும் கிடைக்கவில்லை. ஃபோர்மேன் இன்றைக்கும் சபையில் என்னோடு பேசுவதில்லை. அவருக்காகத் தினமும் ஜெபிக்கிறேன் என்று எழுத ஆசை. உண்மையில் சில நாள்தான் ஜெபிக்கிறேன்.

அந்த அண்ணனைத் தேடி தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போனேன். வேறு பட்டறையில் சேர்ந்துவிட்டார். வாசலிலேயே நின்று மன்னிப்பு கேட்டேன். அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "அந்த ஒரு வாரம் பால்காரனுக்குக் கடன் சொன்னோம். உனக்கு அது தெரியணும்" என்றார். அப்புறம் உள்ளே போய் ஒரு பழைய மைக்ரோமீட்டரைக் கொண்டு வந்தார். சொந்தக் காசில் வாங்கியதாம். "புடி. அரைக்கோடு எட்டிப் பாக்கும், ஏமாத்தும். சந்தேகம் வந்தா வெர்னியர்ல ஒருவாட்டி பாரு. பக்கத்துல நிக்கறவன் சொன்னா இன்னொருவாட்டி பாரு" என்றார்.

பக்கத்தில் நிற்கிறவன் சொன்னால் இன்னொரு முறை பார். நான் இரண்டு வருஷத்தில் படித்த மெட்ராலஜியில் இந்தப் பாடம் இல்லை.

நண்பர்களே! நாளைக்கு நாமும் சூப்பர்வைசர் ஆவோம். ஷிப்ட் போடுகிற பேனா நம் கைக்கு வரும். அப்போது நம் ஊர்க்காரன் வருவான், நம் சாதிக்காரன் வருவான், நம் சபைக்காரன் வருவான். எல்லோரும் 'நம்ம பையன்' என்ற வார்த்தைக்காகக் காத்திருப்பார்கள். அவனுக்கு உதவுங்கள், உங்கள் பையிலிருந்து. அடுத்தவன் கூலியிலிருந்து வேண்டாம்.

என்னிடம் விசுவாசம் இருக்கிறதா என்று அந்த ஐயா கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. அன்று சொல்லத் தெரியாத பதிலை இங்கே எழுதிவைக்கிறேன். இருக்கிறது ஐயா. நீங்கள் பாடிக் காட்டித்தான் எனக்கு வந்தது. ஆனால் அது உங்களுக்கு மட்டும் உரியதல்ல.

அந்த இருநூறு ரூபாயை அடுத்த ஞாயிறு பையில் போட்டேன். கை லேசாக இருந்தது.